மனம் உடன்போன செயல்

(ஒரு மாலை அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேசுபொருள் ஒரே ஒரு ஆங்கிலப் பெயரடை: 'வில்ஃபுல்'. 'வில்' என்பது மனத்தின் விருப்பம், உறுதி. அது நிறைந்திருந்தால் 'வில்ஃபுல்'. எழுத்துக்கூட்டலில் பிரிட்டிஷ்காரர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் ஒரு 'எல்' வித்தியாசம் உண்டு. அதற்கு மேல் எழுத்திலக்கணத்துக்குள் போகப்போவதில்லை.

இந்தச் சொல்லைப் பார்க்காதவர் இந்த அரங்கில் இருக்க முடியாது. வங்கிக் கடன் செய்திகளில் 'வில்ஃபுல் டிஃபால்டர்' என்று வரும். 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில், உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை 'வில்ஃபுல்' ஆக இருந்தால்தான் அது உரிமையியல் அவமதிப்பு. 2024 வரை நடைமுறையில் இருந்த பழைய தண்டனைச் சட்டத்தில் 1983-இல் சேர்ந்த 498ஏ பிரிவு கொடுமை எது என்று விளக்கும்போது 'வில்ஃபுல் காண்டக்ட்' என்றது. கப்பல் காப்பீட்டுச் சட்டத்திலும் உண்டு. தமிழில் எல்லா இடத்திலும் 'வேண்டுமென்றே' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

'வேண்டுமென்றே' நம் பேச்சில் பெரும்பாலும் ஒரு புகார். 'வேணும்னே பண்றான் சார்' என்று சொல்பவரிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. அவருக்கும் கோபம் போதும், கேட்பவருக்கும் அது போதும். சட்ட ஆங்கிலத்தில் அப்படித் தப்ப முடியாது. 'வில்ஃபுல்' என்று எழுதியவர், எதிராளியின் மனத்தில் என்ன இருந்தது என்று காட்டியாக வேண்டும். மனத்தைத் திறந்து பார்க்க முடியாது. அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்வது? இந்தக் கேள்வியோடு நான்கைந்து வழக்குகளுக்குள் போய்வரப் போகிறேன்.

அதற்கு முன் சொல்லின் சுபாவத்தைக் கொஞ்சம் பார்ப்போம். இது மனிதருக்கு முன்னால் வந்தால் ஒரு பொருள், செயலுக்கு முன்னால் வந்தால் வேறு பொருள். 'வில்ஃபுல் சைல்டு' என்றால் அடம்பிடிக்கும் குழந்தை. 'வில்ஃபுல் மர்டர்' என்றால் அடம்பிடித்த கொலை அல்ல, அறிந்து செய்த கொலை. இடைக்கால ஆங்கிலத்தில் 'வில்ஃபுல் பாவர்ட்டி' என்றுகூட எழுதினார்கள். துறவிகள் தாமே விரும்பி ஏற்ற வறுமை அது. அன்றைக்கு இது பாராட்டாகவும் இருந்திருக்கிறது. பிறகு நல்ல பக்கம் தேய்ந்துபோய், குற்றப் பக்கம் மட்டும் நின்றுவிட்டது. இப்போது ஒருவரைப் புகழ இந்தச் சொல்லைக் கையாண்டால் ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அடம்பிடிக்கும் பிள்ளை என்ற பொருளுக்கு, கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் 117-ஆவதாக உள்ள கதையைவிடக் கொடூரமான சான்று இல்லை. ஜெர்மன் கதை, ஆங்கிலத்தில் 'வில்ஃபுல் சைல்டு' என்ற தலைப்பில் படிக்கிறார்கள். தாய் சொல் கேளாத குழந்தை நோயுற்று இறந்துவிடுகிறது. புதைத்த பிறகும் அதன் கை மண்ணுக்கு வெளியே நீள்கிறது. உள்ளே தள்ளி மண் போட்டாலும் மறுபடி வருகிறது. கடைசியில் தாயே வந்து பிரம்பால் கையில் அடிக்கிறாள். அதன் பிறகுதான் கை அடங்குகிறது. கதை மொத்தமே ஒரு பத்தி. குழந்தை என்ன கேட்டு அடம்பிடித்தது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. அது முக்கியமில்லை என்று கதைக்குத் தோன்றியிருக்கிறது. ஒருவரை 'வில்ஃபுல்' என்று அழைக்கும் உரிமை பிரம்பு வைத்திருப்பவர் கையில் இருந்தது என்பதை இந்த விடுபடல் காட்டிவிடுகிறது.

இதன் பங்காளிச் சொல் 'டெலிபரேட்'. லத்தீனில் தராசைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நிறுத்துப் பார்த்துச் செய்தது என்பது பொருள். நிறுத்துப் பார்க்க நேரம் ஆகும் அல்லவா, அதனால் 'நிதானமான' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டாம் பொருள் அமெரிக்காவில் ஒரு தலைமுறையைப் பாழாக்கியது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதிருந்து நடைமுறைப்படுத்துவது என்று 1955-இல் சொல்ல வந்தபோது, 'டெலிபரேட் ஸ்பீடு' என்ற தொடரைப் பயன்படுத்தியது. விரைவு என்று படிக்க விரும்பியவர்கள் விரைவு என்று படித்தார்கள். தென் மாநிலங்கள் நிதானம் என்று படித்தன. வெர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு கவுன்ட்டி 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளையே மூடி வைத்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்புப் பிள்ளைகளில் பலருக்கு ஐந்தாண்டுகள் பள்ளியே இல்லை. உடனடியாக என்று நீதிமன்றம் சொல்ல 1969 ஆனது. ஒரு பெயரடையைத் தளர்வாக வைத்ததற்கு இதைவிடப் பெரிய விலை எங்கும் கொடுக்கப்பட்டதாக நான் படித்ததில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். 'வில்ஃபுல்' அதிகம் அடிபட்ட இடம் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம். 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தின் கீழ் வாடகை பாக்கிக்காகக் குடித்தனக்காரரை வெளியேற்ற வேண்டுமானால், பாக்கி இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அந்தத் தவறுகை 'வில்ஃபுல்' அல்ல என்று வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலருக்குத் தோன்றினால், 15 நாளுக்கு மேற்படாத அவகாசம் கொடுத்துப் பாக்கியைக் கட்டச் சொல்லலாம். கட்டிவிட்டால் மனு தள்ளுபடி. ஆக, ஒரு குடும்பம் வீட்டில் இருப்பதும் தெருவுக்கு வருவதும் ஒரு பெயரடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த விசாரணை எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குடித்தனக்காரர் கூண்டில் நிற்பார். 'மார்ச், ஏப்ரல், மே மூன்று மாத வாடகை கொடுக்கவில்லை, சரிதானே?' 'சரிதாங்க.' 'அந்த மூன்று மாதமும் சம்பளம் வாங்கினீர்கள்?' 'வாங்கினேன்.' 'மே மாதம் மைத்துனர் கல்யாணத்துக்கு மொய் வைத்தீர்கள்?' இதற்கு அவர் என்ன பதில் சொன்னாலும் உரிமையாளரின் வக்கீலுக்கு லாபம். வைத்தேன் என்றால் கையில் பணம் இருந்தது. வைக்கவில்லை என்றால் மச்சினன் கல்யாணத்துக்கு மொய் வைக்காதவன் பேச்சை யார் நம்புவது? பிறகு குடித்தனக்காரரின் வக்கீல் எழுந்து உரிமையாளரைக் கூண்டில் ஏற்றுவார். கையில் ஒரு மணியார்டர் படிவம் இருக்கும். தபால்காரர் கையெழுத்தோடு 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திரும்பி வந்தது. கசங்கிய அந்தத் தாளில் எழுதியிருக்கும் தேதியின் மேல்தான் முழு வழக்கும் நிற்கும்.

அந்தத் தாள் எப்படி உருவானது என்பதைச் சொல்ல வேண்டும். உரிமையாளர்களில் ஒரு வகையினர் வீட்டைக் காலி செய்ய வைக்க வாடகையை வாங்காமல் இருந்துவிடுவார்கள். நாலு மாதம் போனதும் 'தரவில்லை' என்று மனுப்போடுவார்கள். அதை அறிந்துதான் 8-ஆம் பிரிவில் ஒரு படிக்கட்டு வைத்திருந்தார்கள். உரிமையாளர் வாங்க மறுத்தால், எந்த வங்கியில் கட்டட்டும் என்று கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் மணியார்டர், அதுவும் கமிஷனைக் கழித்துக்கொண்டு. அதையும் மறுத்தால் கட்டுப்பாட்டு அலுவலரிடம் டெபாசிட். இந்தப் படிகளை ஏறியவர் மனம் எப்படிப்பட்டது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. தபால் முத்திரையே சொல்லிவிடும். அட்வான்ஸ் விஷயமும் அப்படித்தான். அந்தச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஊரில் பத்து மாதம் வாங்கினார்கள். அவ்வளவு பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே 'வேண்டுமென்றே தரவில்லை' என்று சொன்ன உரிமையாளர்களை நீதிமன்றங்கள் கண்டித்து அனுப்பியிருக்கின்றன.

1973-இல் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். பாக்கியைக் கேட்டு உரிமையாளர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்த பிறகும் தவறுகை தொடர்ந்தால் அது 'வில்ஃபுல்' என்றே கொள்ளப்படும். உடனே புதுச் சண்டை பிறந்தது. நோட்டீஸே கொடுக்காத வழக்கில் என்ன செய்வது? நோட்டீஸ் இல்லாவிட்டால் 'வில்ஃபுல்' ஆகவே ஆகாதா? சென்னையில் ஒரு நீதிபதி ஆகாது என்பார், இன்னொருவர் ஆகும் என்பார். பல மேல்முறையீடுகள் ஒன்றாகச் சேர்ந்து டெல்லிக்குப் போய், 1985 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஃபசல் அலி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பில் அகராதிகளை வரிசையாகப் புரட்டியிருக்கிறார்கள். கடைசியில் வந்து சேர்ந்த பொருள் இது: சட்டப்படி என்ன விளையும் என்று தெரிந்தே, மனமறிந்து, திட்டமிட்டுத் தவறுவது. நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் கழிந்தும் கட்டாவிட்டால் 'வில்ஃபுல்' என்று அனுமானிக்கலாம். நோட்டீஸ் இல்லாத வழக்கில் அந்தந்தச் சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் அகராதிப் பக்கங்களைவிட அந்த நோட்டீஸ்தான் பெரிதாகத் தெரிகிறது. அகராதியைப் புரட்டி யாருடைய மனத்தையும் பார்த்துவிட முடியாது. ஆனால் 'இவ்வளவு பாக்கி இருக்கிறது, இரண்டு மாதத்துக்குள் கட்டு' என்று எழுதி, அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டையை வைத்திருந்தால், அதன் பிறகு வரும் மௌனத்துக்கு ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது. தெரியாது என்று சொல்ல முடியாது, மறந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. முடியவில்லை என்று மட்டும் சொல்லலாம். அதை அவரேதான் காட்ட வேண்டும்.

இப்படி ஓர் அடையாளக்கல் நடாத இடங்களில் என்ன ஆகும்? அதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். எசெக்ஸ் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் 'பெக்யூலியர் பீப்பிள்' என்று ஒரு கிறித்தவப் பிரிவினர் இருந்தார்கள். நோய் வந்தால் மருத்துவரிடம் போக மாட்டார்கள். சபை மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு தகப்பனின் கைக்குழந்தை நிமோனியாவில் இறந்தது. அவர் மீது வழக்கு. 1894-ஆம் ஆண்டின் குழந்தைகள் கொடுமைத் தடுப்புச் சட்டம், குழந்தையை 'வில்ஃபுல்' ஆகப் புறக்கணிப்பது குற்றம் என்றது. அவர் குழந்தையை நேசிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. சோறு, துணி, கவனிப்பு எதிலும் குறை வைக்காத மனிதர். மருந்து கொடுப்பது விசுவாசக் குறைவு என்று உண்மையாகவே நம்பினார். 1899-இல் தலைமை நீதிபதி ரஸ்ஸல் பிரபு தீர்ப்புச் சொன்னார். 'வில்ஃபுல்' என்றால் தற்செயலாகவோ கவனக்குறைவாகவோ அல்லாமல், செய்கிறவரின் மனமும் செயலோடு உடன்போவது. இவர் மருத்துவரை அழைக்கவில்லை, அழைக்கக் கூடாது என்றே அழைக்கவில்லை, எனவே குற்றவாளி. மனம் உடன்போனது என்ற அந்தத் தொடர் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மனம் எதனோடு உடன்போனது? மருத்துவரை அழைக்காமல் விட்டதோடு போனது உண்மை. குழந்தையின் சாவோடும் போனதா? அந்தக் கேள்வியை அன்றைக்கு யாரும் விரித்துப் பார்க்கவில்லை.

எண்பது ஆண்டு கழித்து அந்தக் கேள்வி திரும்பி வந்தது. பதினாறு மாதக் குழந்தை ஒன்று குளிராலும் ஊட்டச்சத்துக் குறைவாலும் இறந்தது. பெற்றோர் இளம் வயதினர், வறியவர்கள், அறிவுத்திறன் குறைந்தவர்கள். சாதாரண வயிற்றுக்கோளாறு, சரியாகிவிடும் என்று நினைத்தோம் என்றார்கள். விவரம் தெரிந்த பெற்றோர் அந்த நிலையைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். கீழ் நீதிமன்றங்கள் பழைய தீர்ப்பை வைத்துக் குற்றவாளிகள் என்றன. பிரபுக்கள் சபை 1980-இல் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அதைப் புரட்டிப்போட்டது. குழந்தைக்கு ஆபத்து இருக்கலாம் என்று பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அல்லது இருந்தால் இருக்கட்டும் என்று அலட்சியமாக விட்டதால் அறியாமல் போயிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது 'வில்ஃபுல்' அல்ல என்று டிப்லாக் பிரபு எழுதினார். பெற்றோர் விடுதலையானார்கள்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாவதுதான் சரி என்பார்கள். நானும் அந்தப் பக்கம்தான், ஆனால் முழு நிம்மதியோடு அல்ல. 1980-இன் அளவுகோலை வைத்தால் எசெக்ஸ் தகப்பன் என்னாவார்? ஆபத்து என்று தெரிந்துதான் மூப்பர்களை அழைத்தார். ஆக, அறிந்தவர் மாட்டிக்கொள்கிறார், அறியாதவர் தப்பிக்கிறார். பிள்ளையை அதிகம் கவனித்துப் பார்த்த தகப்பனுக்குத்தான் இந்தச் சொல் சுலபமாகப் பொருந்துகிறது. மூவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமும் நின்றதில் வியப்பில்லை.

தெரிந்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஆனதும், தெரிந்துகொள்ளாமல் இருப்பதே ஒரு தந்திரம் ஆகிவிடுகிறது. அதைப் பிடிக்கத்தான் ஆங்கிலத்தில் 'வில்ஃபுல் பிளைன்ட்னெஸ்' வந்தது. வேண்டுமென்றே குருடாக இருப்பது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்று நம் ஊரில் சொல்வார்கள். அவனை எழுப்ப முடியாவிட்டாலும் தண்டிக்கலாம் என்கிறது இந்தக் கோட்பாடு. இதைப் பேசும்போதெல்லாம் ஆங்கிலேயர் நெல்சனை இழுப்பார்கள். 1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன் கடற்போர். பின்வாங்கலாம் என்று தலைமைத் தளபதி ஹைடு பார்க்கர் கொடி காட்டினார். 1794-இல் கோர்சிகாவில் வலது கண்ணின் பார்வையை இழந்திருந்த நெல்சன், தொலைநோக்கியை அந்தக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, கொடி எதுவும் தெரியவில்லையே என்றாராம். போரில் ஜெயித்தார். பார்க்கரைத் திரும்ப அழைத்துக்கொண்டு நெல்சனைத் தலைமைத் தளபதியாக்கினார்கள். ஜெயித்தவர் செய்தால் சாதுரியம். தோற்றிருந்தால் ராணுவ நீதிமன்றத்தில் இதற்கு வேறு பெயர் இருந்திருக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு வறுவல் சட்டி. மின்சாரத்தில் ஓடும், வெளிப்புறம் சுடாத சட்டி. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்கு அமெரிக்காவில் அதன் காப்புரிமை இருந்தது. ஹாங்காங் நிறுவனம் ஒன்று அதை வாங்கிப் பார்த்து, வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றி அப்படியே செய்தது. கவனமாக ஹாங்காங் கடையில் வாங்கினார்கள். வெளிநாட்டுச் சந்தைக்கான அந்தச் சட்டியில் அமெரிக்கக் காப்புரிமைக் குறி அச்சிட்டிருக்காது. பிறகு அமெரிக்க வக்கீல் ஒருவரிடம், எங்கள் சட்டி யாருடைய காப்புரிமையையாவது மீறுகிறதா பாருங்கள் என்று எழுதிக்கேட்டார்கள். நகலெடுத்தோம் என்ற ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. வக்கீல் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தை நீட்டி, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நம்பவில்லை. அப்படி ஓர் உண்மை இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று உள்ளூர நம்ப வேண்டும். அது கண்ணில் படாமலிருக்க முனைந்து ஏதாவது செய்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அறிந்ததாகவே கொள்ளலாம் என்றது. கவனியுங்கள், அவர்கள் மனத்தைக் காட்டிக்கொடுத்தது தற்காப்புக்காகச் செய்த ஏற்பாடுதான். ஒன்றும் அறியாதவர் வக்கீலிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் எப்போதும் இப்படிப் பிடி கிடைப்பதில்லை. 1983 செப்டம்பர் 1 அன்று, நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாகச் சியோல் சென்ற கொரிய விமானம் 007 தடம் மாறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் இறந்தனர். அன்றைய சர்வதேச ஏற்பாட்டின்படி, அமெரிக்கா தொடர்பான பயணங்களில் ஒரு பயணிக்கு 75,000 டாலருக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது. ஒரே விலக்கு, 1929-ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கை சொன்ன 'வில்ஃபுல் மிஸ்காண்டக்ட்'. அதை நிரூபித்துவிட்டால் உச்சவரம்பு போய்விடும். இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனில் வழக்காடின. விமானிகள் இறந்துவிட்டார்கள். விமானி அறைக் குரல்பதிவும் பறப்புப் பதிவும் கிடைத்ததாகவே சோவியத் ஒப்புக்கொள்ளவில்லை. பல மணி நேரம் தடம் மாறிப் பறந்திருக்கிறார்கள், அனுபவமுள்ள விமானிகளுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும் என்பதே வாதம். 1989-இல் ஜூரிகள் 'வில்ஃபுல்' என்று முடிவு செய்து, 5 கோடி டாலர் தண்ட இழப்பீட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்ட இழப்பீட்டை நீக்கியது. 'வில்ஃபுல்' என்ற முடிவை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.

அதன் பிறகுதான் சோவியத் யூனியன் கலைந்து, ரஷ்யா அந்தக் கறுப்புப் பெட்டிகளை ஒப்படைத்தது. சர்வதேசப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு மறுபடி விசாரித்து 1993-இல் அறிக்கை கொடுத்தது. தானியங்கி வழிநடத்தி சரியான நிலைக்கு மாறாமலே இருந்திருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்கும் மேல் விமானிகள் அதைக் கவனிக்கவில்லை. குரல்பதிவில் சாதாரணமாக அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். தடம் மாறியது தெரிந்ததற்கு ஓர் அறிகுறியும் இல்லை. குடும்பங்களுக்கு அதிகப் பணம் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. 75,000 என்ற வரம்பே அநியாயமானது. ஆனால் அந்த அநியாயத்தைத் தாண்ட, செத்துப்போன மூன்று பேர் அறிந்தே செய்தார்கள் என்று எழுத வேண்டியிருந்தது. அந்தப் பெயரடையைத் தவிர வேறு வாசல் இல்லை. 1955-இலேயே ஹேக் நகரில் கூடி இந்தச் சொல்லை எடுத்துவிட்டு, தீங்கு விளையும் என்று அறிந்தும் துணிந்து செய்தல் என்ற விளக்கமான வாசகத்தைப் போட்டிருந்தார்கள். அமெரிக்கா அந்தத் திருத்தத்தை அப்போது ஏற்கவில்லை.

அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹேண்டு, சட்டம் எழுதுவோர் கூடிய ஓர் அவையில், இந்தச் சொல் பயங்கரமானது, சட்டங்களில் வரும் சொற்களிலேயே அதிகத் தொல்லை தருவது என்று அலுத்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வங்கிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொலைக்காட்சிகளில் இதுதான் அதிகம் சிதைபடுகிறது. கடன் கட்டாத எவரையும் 'வில்ஃபுல் டிஃபால்டர்' என்று அழைக்க முடியாது. ரிசர்வ் வங்கியின் வரையறைக்குள் வர 25 லட்சமும் அதற்கு மேலும் நிலுவை இருக்க வேண்டும். கட்டும் சக்தி இருந்தும் கட்டாமல் இருந்திருக்க வேண்டும். அல்லது வாங்கிய நோக்கத்தை விட்டுப் பணத்தை வேறு பக்கம் திருப்பியிருக்க வேண்டும். அல்லது சுருட்டியிருக்க வேண்டும். அல்லது அடமானம் வைத்த சொத்தை வங்கிக்குத் தெரியாமல் விற்றிருக்க வேண்டும். அதையும் கிளை மேலாளர் நினைத்தவுடன் எழுதிவிட முடியாது. ஒரு குழு ஆதாரத்தைப் பார்க்கும். விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகும். 2024 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதலின்படி பதில் சொல்ல 21 நாள். பிறகு இன்னொரு குழு மறுபடி பரிசீலிக்கும். 2019-இல் உச்ச நீதிமன்றம், அந்தக் குழுவுக்கு முன் வக்கீலை வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்றது. முதல் குழுவின் முடிவைக் கையில் கொடுத்து, எதிர்த்து எழுத வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொன்னது. வெள்ளத்தில் பட்டறை முழுகியதால் கட்ட முடியாதவரும், பட்டறைக்கு வாங்கிய கடனில் மனை வாங்கியவரும் வங்கிப் பேரேட்டில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். அவர்களைப் பிரிக்கத்தான் இத்தனை படிகள். செய்தி வாசிப்பவர் எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறார்.

மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'வேண்டுமென்றே' தவறான சொல் அல்ல. ஆனால் மூலத்தில் அறிவு முக்கியமா, சக்தி முக்கியமா, பிடிவாதம் முக்கியமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். நீதிமன்ற அவமதிப்பில் 'மனமறிந்த' பொருந்தும். கடனில் 'சக்தி இருந்தும்' என்று விரித்தால்தான் விளங்கும். பிள்ளையைப் பற்றியென்றால் 'அடம்' போதும். 'வீம்பு' என்றால் கொஞ்சம் கூடுதல்.

நம் வாடகைச் சட்டத்தின் கதை முடிந்துவிட்டது. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தபோது 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. புதியதில் இரண்டு மாத வாடகை நிலுவையா, வட்டியோடு கட்டினாரா என்பதே கணக்கு. மனத்தைத் தோண்டும் வேலை இல்லை. வழக்குகள் சீக்கிரம் முடியும் என்கிறார்கள், முடியட்டும். மைத்துனர் கல்யாண மொய் பற்றி இனி யாரும் கூண்டில் பதில் சொல்ல வேண்டாம், அதுவும் நல்லதுதான். ஆனால் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதம் வாடகை கட்டாத பெண், ஏன் கட்டவில்லை என்று சொல்லி, அந்தக் காரணத்துக்காகவே அவகாசம் வாங்க பழைய சட்டத்தில் ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தின் பெயர்தான் 'வில்ஃபுல்'. என்னைக் கேட்டால், தொல்லை பிடித்த அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, 1973-இல் வைத்த நோட்டீஸையும் கட்டாயமாக்கியிருந்தால் போதும் என்பேன். உரிமையாளர் சங்கத்தினர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கேள்விகளுக்கு வருவோம். வீட்டு உரிமையாளர்கள் முதலில் கேட்கலாம். இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான்.